பிடியரிசியும் அன்றாடக் கூலியும்



ஞாயிறு ஆராதனை இரண்டு மணி நேரத்தில் நிறைவுறுகின்றது. அதன்பின் வேதாகமம் அலமாரிக்குச் செல்கின்றது. நாம் அடுக்களைக்கும் அலுவலகத்திற்கும் செல்கின்றோம். போதகரையா பீடத்தில் நின்று கூறிய உபதேசம் அடுத்த ஆறு நாட்களும் எங்கே குடியிருக்கின்றது? வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிறிஸ்தவ இல்லங்களுக்கும், இங்கிருந்து வெளியூர் சென்று வாழும் நம் குடும்பங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும் எனக் கருதி, இத்திங்கள் அதனை ஆராய முற்படுகின்றோம்.

தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் முதற் போதகர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே என்பவர். 1804-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, 1806-இல் இப்பகுதிக்கு வந்தார். மயிலாடி வேதமாணிக்கம் அவரை வரவேற்றுத் துணைநின்றார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அப்போதகரின் மனத்தை ஒரு கவலை ஓயாது வருத்தியது. தம்மை நாடி வருவோரிற் பலர் ஆத்தும இரட்சிப்பைத் தேடியா வருகின்றனர், அல்லது வரியினின்றும் கூலியில்லாத ஊழிய வேலையினின்றும் தப்பும் வழியைத் தேடியா என்று அவர் ஐயுற்றார். ஐயம் எழுந்தபோதிலும் அவர் மக்களை விட்டு விலகிப் போகவில்லை. ஊர் ஊராகச் சென்றார். தமக்கு வந்த சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே செலவிட்டு, மிக எளிய உடையில் வாழ்ந்தார். 1816-இல் உடல்நலங் குன்றி இந்நாட்டை விட்டுச் சென்ற அவர் எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பது இன்றுவரை அறியப்படவில்லை. மற்றவர் விசுவாசத்தைப் பற்றி ஐயம் எழும்போது தன் கையைத் திறந்து காட்டுவதே தக்க விடை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

திறந்த கைக்கு நம் அடுக்களைகளில் ஒரு பெயர் உண்டு, அதுவே பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவது நம் தாய்மாரின் வழக்கம். சேர்ந்த அரிசி ஆலயத்திற்குச் சென்று ஏழைக்கும் ஊழியத்திற்கும் பயன்பட்டது. தொலைவில் மிசோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்களும் 1910 முதல் இவ்வாறே பிடியரிசி சேர்த்து வருகின்றனர். இங்கே நாம் நோக்கவேண்டியது அளவைவிட வேளையே. உண்டு மீந்ததைக் கொடுப்பது ஒன்று. சமைக்குமுன்பே எடுத்து வைப்பது வேறொன்று. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்த ஒரு பிடி கலத்திற்குச் சென்றதே, அங்கேதான் விசுவாசம் வாழ்ந்தது.

இரயில்வே எழுத்தனாகிய எமக்கு இவ்வழக்கம் பயணச்சீட்டுச் சாளரத்தை நினைவூட்டுகின்றது. வேலை தொடங்குமுன் எம் சட்டைப்பையிலுள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முடிவில் வசூல் குறைந்தால் எம் கையிலிருந்து கட்டவேண்டும். கூடினால் அதனையும் கணக்கிற் காட்டிச் செலுத்தவேண்டும். என்னுடையது எது, என்னுடையதல்லாதது எது என்பது வேலைக்கு முன்பே பிரிக்கப்பட்டுவிடுகின்றது. ஆசை எழுந்தபின் பிரிக்கத் தொடங்கினால் மனம் ஆயிரம் நியாயம் சொல்லும். பிடியரிசிக் கலமும் அத்தகைய பதிவேடுதான். ஆனால் அதனைத் தணிக்கை செய்ய அதிகாரி எவரும் வருவதில்லை.

இனிக் கூலியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1821-ஆம் ஆண்டு நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களிற் பிறந்த பெண்களுட் சிலர் அவ்வேலையின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்னரே நூலும் ஊசியும் சில கைகளின் தளையை அறுத்தன. உழைத்த கையில் கூலி முழுமையாகச் சேர்வது எத்துணைப் பெரிய காரியம் என்பதை இவ்வட்டாரத்தார் அறிந்ததுபோல் அறிந்தவர் எவர்?

இன்று நம் தோட்டங்களிலும் கட்டடங்களிலும் வேலை செய்ய வங்காளம், அசாம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து இளைஞர் வந்துள்ளனர். அவர்கள் மொழி நமக்குப் புரியாது. நம் மொழி அவர்களுக்குப் புரியாது. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் எந்நிலையில் இருக்கின்றனரோ அந்நிலையில்தான் அவர்கள் நம் வாசலில் நிற்கின்றனர். நம் மகனுக்கு அங்கே சம்பளம் பத்து நாள் தாமதித்தால் வீடே முழங்காலில் நின்று ஜெபிக்கின்றது. நம் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கோ, சுவர் கட்டும் அந்நிய இளைஞனுக்கோ கூலியை, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளி வைக்கும்போது நம் நாவு கூசுவதில்லை. ஆலய கோபுரத்திற்கு அனுப்பிய நன்கொடை இக்குறையை நிரப்புமா?

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை இவ்வாரம் குடும்ப ஜெபத்தில் வாசித்துப் பாருங்கள். கூலிக்காரன் சொந்தச் சகோதரனாயினும் அந்நியனாயினும் அவன் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில் உள்ளது. கூலியும் கொடையும் அங்கே அருகருகே நிற்கின்றன. கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு கொடை அளிப்பவன் பிறர் அரிசியில் பிடியரிசி எடுப்பவனாவான்.

வெளியூரில் வாழும் சகோதரிமாரே! மின்சார அடுப்பில் சோறு பொங்கும் உங்கள் அடுக்களையிலும் ஒரு சிறு கலம் வையுங்கள். அரிசிக்குப் பதில் நாணயம் இட்டாலும் குற்றமில்லை. சமைக்குமுன் இடுங்கள், பிள்ளைகளின் கையால் இடச் செய்யுங்கள். சகோதரரே! சனிக்கிழமை மாலை விளக்கேற்றுமுன், இவ்வாரம் நம்மிடம் உழைத்தவர் எவருக்கேனும் பாக்கி உண்டா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உண்டெனில் அதனைத் தீர்த்துவிட்டு ஞாயிறு ஆலயத்திற்குச் செல்லுங்கள். போதகரையாவின் பிரசங்கம் அன்று காதில் தெளிவாக விழும்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.