நிறைந்த மெமரி குற்றமா?

உங்கள் மகளின் கல்யாணப் போட்டோவை எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் கிடங்கில் சேமித்து வைத்திருக்கிறீர்கள். அது எந்த யந்திரத்தில் இருக்கிறது?

ஒரே யந்திரத்தில் என்று நினைத்தால் தவறு. இத்தகைய கிடங்குகளில் ஒரு பொருளுக்கு 3 பிரதிகள் எடுத்து, 3 யந்திரங்களில் வைப்பது வழக்கம். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும்.

இந்தக் கிடங்குகளை நடத்தும் புரோகிராம்களில் ஒன்றின் பெயர் "செஃப்". அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் பகுதியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சேஜ் வெயில் இதை உருவாக்கினார். இதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2006-ல் வெளிவந்தது. பல கைகள் கொண்ட கடல் பிராணிகளின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் இது. பொருத்தமான பெயர்தான். ஒரு கை போனாலும் அந்தப் பிராணி செத்துவிடுவதில்லை! ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2013-ல் இதைக் கொண்டு சுமார் 30 லட்சம் கிகாபைட் கொள்ளும் கிடங்கு ஒன்றை அமைத்தது.

காவற்காரனின் அலமாரி

கிடங்கில் உள்ள ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு காவற்காரன் உண்டு. அவனும் ஒரு புரோகிராம்தான். டிஸ்க் என்பது உக்கிராண அறை. மெமரி என்பது அடுப்பங்கரை அலமாரி. அடிக்கடி கேட்கப்படும் பொருளையும், எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் காவற்காரன் அலமாரியில் வைத்துக்கொள்கிறான். ஒவ்வொரு தடவையும் உக்கிராணத்துக்கு ஓடினால் வேலை நடக்குமா? அவனுக்குச் சாதாரணமாக ஒதுக்கப்படும் இடம் 4 கிகாபைட்.

முன்பெல்லாம் இந்த அலமாரியின் பெரும்பகுதி, யந்திரத்தை ஆளும் லினக்ஸின் பொறுப்பில் இருந்தது. காவற்காரன் கணக்கில் அது வராது. 2017-ல் புதிய முறை வந்தது. அலமாரியைக் காவற்காரனே வைத்துக்கொள்கிறான். கணக்கும் அவன் பெயரிலேயே எழுதப்படுகிறது. பழைய கணக்கைப் பார்த்துப் பழகியவர்கள், "ஐயோ, மெமரியை விழுங்குகிறானே!" என்று பதறினார்கள்.

பதறத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய அலமாரியைக் காலியாக வைத்திருப்பதில் என்ன லாபம்?

பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்த 4 கிகாபைட் என்பது ஒரு குறி. தாண்டமுடியாத சுவர் அல்ல. சாதாரண நாளில் காவற்காரன் அதை ஒட்டியே நடப்பான். கஷ்ட காலத்தில் தாண்டிவிடுவான்.

கஷ்ட காலம் என்றால் டிஸ்க் கெடும் நாள். ஒரு டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் செஃப் சாதாரணமாக 10 நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். பிறகு, "அது போய்விட்டது" என்று முடிவு கட்டி, குறைந்துபோன பிரதிகளை மற்ற டிஸ்குகளில் எடுக்கத் தொடங்கும். மற்ற காவற்காரர்களுக்கு இரட்டை வேலை. வழக்கமான கோரிக்கைகளும் நிற்காது. பிரதி எடுக்கும் வேலையும் சேரும். மெமரி ஏறும்.

யந்திரத்தில் மெமரி தீர்ந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவனே பலி. இங்கே அவன் யார்? காவற்காரன்தான்!

டிஸ்க் நன்றாக இருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. அவன் சுமையும் மற்றவர்கள் தலையில் விழுகிறது. அங்கேயும் மெமரி தீர்கிறது. இன்னொருவன் சாகிறான். செத்தவனை எழுப்பினாலும், எழுந்திருக்கவே மெமரி வேண்டும், மறுபடி விழுகிறான். 3 பிரதிகளில் 2 கூடக் கைக்குக் கிடைக்காத நிலை வந்தால், அந்தப் பொருளைப் படிப்பதும் எழுதுவதும் நிறுத்தப்படும். கல்யாணப் போட்டோ என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் எக்ஸ்-ரே படம் என்றால்?

48 போதுமா?

நாம் குறை சொல்வது காவற்காரனை அல்ல. நல்ல நாள் கணக்குப் போட்டு யந்திரம் வாங்குகிறவர்களை. 12 டிஸ்க், தலைக்கு 4, ஆகமொத்தம் 48 கிகாபைட் என்று வாங்கிவிடுகிறார்கள். 50 பேருக்கு 50 இலை போட்டுவிட்டுப் பந்தியைத் தொடங்குவது போன்றது இது. அதற்கு மேல் 20 சதவீதமாவது விட்டுவையுங்கள் என்று செஃப் குறிப்பேடே சொல்லுகிறது. அப்படியானால் சுமார் 58. லினக்ஸுக்கும் பங்கு வேண்டும். 64 வாங்குவதே நியாயம். சிக்கனம் என்று சொல்லித் தலைக்கு 2 கிகாபைட்டுக்கும் கீழே குறைப்பதை அதே குறிப்பேடு வேண்டாம் என்கிறது.

இன்னொரு விஷயம். புயல் ஓய்ந்ததும் காவற்காரன் உபரி மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். லினக்ஸ் அதை உடனே வாங்கிக்கொள்ளாமல் சிலசமயம் தாமதிக்கும். அதுவரை கணக்கில் பெரிய எண்தான் தெரியும். மறுநாள் காலையில் அந்த எண்ணைப் பார்க்கும் அதிகாரி, முதல்நாள் எந்த டிஸ்க் போயிற்று என்பதையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்.