குட்டி யானைக்குள்ள கட்டில் போட்டா அது வீடாயிடுமா?

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா புளியங்குடிக்காரங்களுக்கு இருப்புக் கொள்ளாது. இந்தத் தடவை நம்ம பி.காம். கூட்டத்துல சூடா ஓடுற பேச்சு இதுதான்: எலுமிச்சங்காய் மூட்டை சுமந்து ஓய்ஞ்சு போன பழைய சரக்கு வேன் ஒண்ணை நாலு பேர் பங்கு போட்டு வாங்கி, உள்ள கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் வச்சு கேம்பரா மாத்திடறது. சீசன்ல ரூம் வாடகை கேட்டா தலை சுத்துது, அதனால யோசனை நியாயம்தான். ஆசை எனக்கும் இருக்கு. ஆனா சரக்கு வேன் மட்டும் வேண்டாம்ங்கறது என் கட்சி. கொஞ்சம் சட்டம் வரும், தூங்கிடாதீங்க.

முதல்ல இடத்தைப் பாருங்க. 2005-ல டாடா ஏஸ் வந்து, நம்ம ஜனங்க அதுக்குக் குட்டி யானைன்னு பேர் வச்சு கொண்டாடினாங்க. பழைய ஏஸ்ல பின்பக்கம் சுமார் 7 அடி நீளம், அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். மீதி ரெண்டு பங்குதாரர் வண்டிக்கு அடியிலயா? சரி, முறை வச்சுத் தூங்குறோம்னே வச்சுக்குவோம். கூண்டு கட்ட வெல்டிங் பட்டறை, கட்டிலுக்குத் தச்சர், ஒரு சோலார் தகடு, 12 வோல்ட் பேட்டரி. இது எதுவுமே கஷ்டம் இல்லை.

கஷ்டம் ஆர்.சி. புத்தகத்துல இருக்கு. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிச்ச விவரங்கள் மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்குல இதை உறுதியா சொல்லிடுச்சு. எஃப்.சி.க்குப் போறப்போ கட்டிலைக் கழற்றி வச்சுட்டு, வந்ததும் மாட்டிக்கலாம்னு ஒரு புத்திசாலி சொன்னான். ஆபீசரை ஏமாத்தலாம், விபத்தை ஏமாத்த முடியாதே.

இன்சூரன்ஸ் பேப்பர் படிச்ச நாமதான் இதை முதல்ல கவனிச்சிருக்கணும். சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போற ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002-ல ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. சரக்கோட உரிமையாளரும் அவரோட பிரதிநிதியும் போகலாம், அவங்களுக்குக் காப்பு உண்டு. (மெத்தைதான் சரக்கு, நாங்கதான் ஓனர்னு வாதாடலாமேன்னு கேக்காதீங்க, அதையும் ஒருத்தன் கேட்டுட்டான்!) கடையநல்லூர் தாண்டி எதிர்ல ஒரு லாரி வந்து மோதினா, பின்னாடி படுத்திருந்தவனோட ஆஸ்பத்திரிச் செலவுக்கு நம்ம பாலிசியில இருந்து ஒரு ரூபாய் பெயராது. வண்டி யார் பேர்ல இருக்கோ அவன் வீட்டு நிலம் போகும். சரக்கு வேன் மலிவா கிடைக்குதுன்னு சொல்றவங்க இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாக்கணும். பாலிசி எடுக்கறப்போ முக்கியமான விஷயத்தை மறைக்கக்கூடாதுங்கற பாடத்துல பரீட்சைக்கு 10 மார்க் வாங்கினவங்கதான் நாம எல்லாரும்.

அடுத்தது அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில மதுரை ரயில் நிலையத்துல நின்ன சுற்றுலாப் பெட்டி எரிஞ்சு 9 பேர் செத்தாங்க. தடையை மீறிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். மூடின பெட்டி, உள்ள தூங்குற ஜனம், ஒரு சிலிண்டர். நாம கட்டப் போறதும் அதேதான், சின்ன சைஸ்ல. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கத்துல ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்ல இருந்து கசிஞ்ச கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது. சாரல் அடிக்குதேன்னு நாம ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டுத் தூங்குவோம் இல்லையா, அங்கதான் எனக்குப் பயம்.

அதுக்காக சட்டத்தை நான் முழுசா ஆதரிக்கலை. சொந்த உபயோக கேம்பர் வேன்னு ஒரு வகையே பதிவு முறையில இருக்கு. மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ். 124-னு ஒரு தரமும் இருக்கு. ஆனா அதெல்லாம் நிறைய வண்டி செஞ்சு விக்கிற கம்பெனிக்குத் தோதான வழி. ஒரே ஒரு வண்டி செய்யற புளியங்குடிக்காரன் எங்க போவான்? பிரிட்டன்ல வேனை மாத்தினவர் பதிவுப் புத்தகத்தோட போட்டோவும் அனுப்பி, மோட்டார் கேரவன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். அவங்களும் பாத்த உடனே கொடுத்துடறதில்லை, வெளியில இருந்து பாத்தாலே கேம்பர்னு தெரியணும்னு கறாராத்தான் இருக்காங்க. ஆனா கேக்கறதுக்கு ஒரு கதவாவது இருக்கு.

நம்ம 52-வது பிரிவுலயே கதவு இல்லாம இல்லை. அங்கீகரிச்ச கிட் வச்சு பெட்ரோல் வண்டியை கேஸ் வண்டியா மாத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்தவும் வழி விட்டிருக்கு. எரியிற கேஸையே சோதிச்சு ஆர்.சி.யில ஏத்த முடியுதுன்னா, ஒரு கட்டிலையும் காத்துப் போற ஜன்னலையும் சோதிக்க முடியாதா? எடை, காத்தோட்டம், மின் இணைப்பு, அடுப்பு இந்த நாலையும் பாத்து, கட்டணம் வாங்கிட்டு முத்திரை குத்துங்க. அந்த வழி இல்லாததாலதான் எல்லாரும் திருட்டுத்தனமா செய்யறாங்க, யார் கண்ணுலயும் படாம சிலிண்டரும் உள்ள போகுது.

அது வர்ற வரைக்கும் நம்ம பங்குதாரர்களுக்கு என் யோசனை: ஆள் போறதுக்குன்னே பதிவான பழைய ஆம்னியோ ஈகோவோ பாருங்க. சீட்டைக் கழற்றாதீங்க. வண்டியை நிறுத்தின பிறகு விரிக்கிற மாதிரி ஒரு மடக்குப் பலகை, தூக்கி இறக்கற மாதிரி ஒரு பெட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை, இவ்வளவுதான். சமையலுக்கு இலஞ்சியில இருந்து பழைய குற்றாலம் வரைக்கும் பரோட்டா கடை இருக்கு, அடுப்பே வேண்டாம். ஆம்னியா ஈகோவான்னு மட்டும் இன்னும் முடிவாகலை. எனக்கு ஈகோ, ஆம்னி இப்ப தயாரிப்புல இல்லை, 2019-லயே நிறுத்திட்டாங்க.