அரைநிலா விழுந்த நாணயம்

கைமாறாமல், சில்லறைப் பையில் உரசாமல், நாணயச்சாலையிலிருந்து நேராக உறையில் வந்து சேரும் தொகுப்பைச் சேகரிப்பாளர்கள் யூஎன்சி செட் என்பார்கள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் 2006 முதல் எஸ்பிஎம்சிஐஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் நினைவு நாணயங்களாகவே புகுந்தன. காமராசர் நூற்றாண்டுக்கு 2003இல் 5 ரூபாயும் 100 ரூபாயும், அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு 5 ரூபாயும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று ஆண்டு பொறித்த 1000 ரூபாயும் வெளிவந்தன. முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தொகுப்பு, வந்த அன்று ஒருமுறை பார்க்கப்பட்டுப் பீரோவுக்குள் போய்விடும். அதில் ஒரு பிழை இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். இருபது ஆண்டுகள் கழித்து யாராவது லென்ஸ் வைத்துப் பார்க்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

இதே நாணயச்சாலைகள் ப்ரூஃப் செட் என்ற இன்னொரு வகையையும் தருகின்றன. அதில் உருவத்தைப் பதிக்கும் அச்சும் அது பதியப்போகும் வில்லையும் கண்ணாடிபோல் மெருகேற்றப்படும். ஒரே நாணயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். யூஎன்சி நாணயம் அப்படியல்ல. அது பெரும்பாலும் புழக்க நாணயம்போலவே, கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு அடிக்கப்படுவது. கண்ணில் அறைகிற பெரிய பிழை உறையிடும் கையைத் தாண்டி வருவது அரிது. ஆனால் மயிரிழை விரிசலும், லேசாகத் திரும்பிய அச்சும், அடைபட்ட ஓர் எழுத்தும் தாண்டிவிடும். புழங்கித் தேய்ந்த காசில் அழிந்துபோகும் இந்த நுண்ணிய தடம் தேயாத காசில் அப்படியே நிற்கும். பழைய தொகுப்புகளைத் தேடுவதில் உள்ள உண்மையான பலன் இதுதான்.

பிழையைப் புரிந்துகொள்ள நாணயச்சாலைக்குப் போக வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு பிரஸ் ஷாப்பில் அரைமணி நேரம் நின்றால் போதும். அங்கே வண்டிகளுக்கான வாஷரும் பிராக்கெட்டும் பிறக்கிற விதமும் நாணயம் பிறக்கிற விதமும் ஏறத்தாழ ஒன்றே. உலோகத் தகடு நாடாவாக உள்ளே போகிறது, பஞ்ச் இறங்கி வட்டமாக வெட்டுகிறது. அப்படி வெட்டி எடுத்த, இன்னும் உருவம் பதியாத துண்டுதான் வில்லை; ஓசூரில் அதற்கு பிளாங்க் என்று பெயர். துருப்பிடிக்காத எஃகில் நாணய வில்லை வெட்டும் ஆலை கிருஷ்ணகிரிக்குத் தெற்கே சேலம் உருக்காலையிலேயே உண்டு. அதன் ஆண்டுத் திறன் 3,600 டன். ஒரே தேசிய நெடுஞ்சாலை இணைக்கும் வட்டாரத்தில், ஒரு முனையில் காசுக்கான வில்லை வெட்டும் ஆலையும் மறு முனையில் அந்த வேலையின் பாஷையைத் தினமும் பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நாணயப் பிழையை வாசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

வில்லையில் நேரும் பிழைகளில் அழகானது வெட்டுவாய்ப் பிழை. நாடா முழுத் தூரம் நகராமல் சிக்கிக்கொள்கிறது. பஞ்ச் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் ஓரத்திலேயே மறுபடி இறங்குகிறது. கிடைக்கும் வில்லையின் ஒரு பக்கம் எலி கடித்த தோசைபோல் உள்வளைவாகக் குறைந்திருக்கும். மிஸ்ஃபீட் ஆன பீஸ் என்று பிரஸ் ஷாப்பில் சிவப்புத் தொட்டிக்குள் எறியப்படுவது இதுவேதான். நாணயச்சாலையில் தப்பினால் அது அரைநிலா விழுந்த காசாகிவிடும்.

அந்த அரைநிலாவை வீட்டில் அரம் வைத்தும் உண்டாக்கலாம். ஏமாற்றுகிறவர்கள் செய்வதும் அதுதான். உண்மையை அறிய, குறைந்த இடத்தைப் பார்க்காமல் அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பார்க்க வேண்டும். வெட்டிய வில்லையை அடிப்பதற்கு முன்பு ஓர் உருட்டு எந்திரத்தில் செலுத்தி ஓரத்தை உயர்த்துவார்கள். ஓரம் உயர வேண்டுமானால் எதிர்ப் பக்கத்திலிருந்து அழுத்தம் வேண்டும். எதிர்ப் பக்கத்தில் உலோகமே இல்லையென்றால் இந்தப் பக்கமும் சரியாக எழாது. ஆகவே உண்மையான வெட்டுவாய்ப் பிழையில் குறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கி, கரைந்தாற்போல் இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். இந்தத் தடம் எல்லா உண்மைக் காசிலும் அழுத்தமாக விழாது. ஆனால் விழுந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. அரம் வைத்தவருக்கு எதிர் விளிம்பைத் தொட வேண்டும் என்ற நினைப்பே வராது.

அடுத்தவை அச்சின் பிழைகள். வில்லை வராமலே பிரஸ் இறங்கினால் மேல் அச்சும் கீழ் அச்சும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும்; ஒன்றின் உருவம் இன்னொன்றின் மேல் லேசாகப் பதியும். அதற்குப் பிறகு அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அசோகத் தூணின் பின்னணியில் மறுபக்க எண்ணின் கண்ணாடி நிழல் தெரியும். அச்சு களைத்து வெடித்தால், காசில் அது பள்ளமாக இல்லாமல் மேடான கோடாகத் தெரியும். மேடா பள்ளமா என்ற இந்த ஒரே கேள்வியில் பாதிப் பிழைகள் தீர்ந்துவிடும்: பள்ளமான கீறல் பெரும்பாலும் பின்னால் நேர்ந்த காயம், மேடான கோடு பெரும்பாலும் அச்சிலேயே இருந்தது.

அச்சின் பள்ளத்தில் கிரீஸும் உலோகத் தூளும் அடைந்துபோவதும் உண்டு. அப்போது எழுத்தோ குறியோ காசில் விழாது. இந்திய நாணயங்களில் இது சுவையான சிக்கலைத் தருகிறது. ஆண்டின் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. வைரம் அடைபட்ட மும்பைக் காசு புழக்கத்தில் கிடைத்தால் அதைக் கொல்கத்தாக் காசு என்றே எவரும் எடுத்துவைப்பார்கள். அதே காசு முத்திரை உடையாத மும்பை உறையில் இருந்தால் உறையே அதன் பிறப்புச் சான்று. உறையைக் கிழித்துக் காசை மட்டும் எடுத்தவர் பிழையை வைத்துக்கொண்டு ஆதாரத்தைத் தொலைத்தவராகிறார்.

அடிக்கும்போது நேரும் பிழைகள் பார்வைக்குப் பெரியவை. அதனாலேயே தொகுப்புகளில் அரியவை. நடுவிலகி விழுந்த உருவம் உறையிடுபவர் கண்ணுக்குத் தப்பாது. முந்திய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த காசில் அதே முகம் இடவலம் மாறிக் குழிவாகப் பதிவதை ஏலப் பட்டியல்களில் லக்கி என்று குறிப்பிடுவார்கள், அதுவும் அப்படித்தான். தப்பி வரக்கூடியது திரும்பிய அச்சு. இந்தியக் காசைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சு இறுக்கம் தளர்ந்து சுழன்றிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே பார்ப்பவருக்கு இது புலப்படாது. பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்காமலே இதைச் சோதித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய பத்து ரூபாயில் வெளி வளையமும் நடு வட்டும் தனித்தனி உலோகம். இரண்டும் ஒரே அடியில் பிணைகின்றன. நடு வட்டு சரியாக உட்காராத காசுகளும் உண்டு.

தொகுப்புக்குள் மட்டுமே வாழ்ந்த பிழை என்று சொல்லத்தக்க உதாரணம் பிரிட்டனில் நடந்தது. இந்தியா 1957இல் தசம முறைக்கு மாறியபோது புதுக் காசைப் பழையதிலிருந்து பிரிக்க நயா பைசா என்று பெயரிட்டது. 1964இல் நயா உதிர்ந்தது. பிரிட்டனும் தன் தசமக் காசில் நியூ பென்ஸ் என்று பொறித்து, 1982இல் அந்த நியூவை விட்டது. ஆனால் 1983இல் சேகரிப்புத் தொகுப்புகளுக்கென அடித்த இரண்டு பென்ஸ் காசுகள் சிலவற்றில் பழைய அச்சு தவறிப் புகுந்து, நியூ பென்ஸ் என்றே விழுந்துவிட்டது. முகமதிப்பில் அற்பமான அந்தக் காசு இன்று நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை அது.

பிழை என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி பிழையே அல்ல. 2005, 2006ஆம் ஆண்டுகளின் இரண்டு ரூபாயில் உள்ள சிலுவை போன்ற கோடு அங்கீகரிக்கப்பட்ட வடிவம். விவாதத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது, அவ்வளவே. எழுத்தின் ஓரத்தில் தட்டையாகப் படி இறங்கினாற்போல் தெரியும் இரட்டிப்பு, அடித்த கணத்தில் அச்சு அதிர்ந்ததால் வருவது. அதற்கு மதிப்பு கிடையாது. அச்சிலேயே இரட்டித்திருந்தால் இரண்டு உருவமும் உருண்டு திரண்டு, எழுத்து முனைகள் பிளந்து நிற்கும். பாதி வெள்ளி கலந்த பழைய 100 ரூபாய் நாணயம் கறுப்பதும் நீலம் பாய்வதும் காற்றின் வேலை.

பச்சைப் பிசுபிசுப்பு மட்டும் ஆபத்து. பழைய உறைகளில் பிவிசி இருந்தால் அதை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து செம்பைத் தின்னத் தொடங்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். உயரத்தில் இருக்கும் ஓசூரைவிடத் தாழ்வில் காயும் கிருஷ்ணகிரியில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். உறையைக் காப்பாற்றுவதா காசைக் காப்பாற்றுவதா என்று வரும்போது காசுதான் முக்கியம். முதலில் முத்திரையோடு இரு பக்கமும் படம் எடுத்து, பிறகு திறந்து, காசைத் தேய்க்காமல் தூய அசிட்டோனில் நனைத்து எடுத்து, பிவிசி இல்லாத உறையில் வைத்து, பழைய உறையையும் அதனுடனேயே சேர்த்து வைக்க வேண்டும்.