வேனின் ஸ்லோ ஸ்க்ரூவும் நமது பிள்ளைகளும்



சென்ற மாதம் ஒரு நாள் காலை, நமது பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன் இறக்கத்தில் வைத்து ஓஃப் ஆனது. வளைவுக்கு முன்னால் கிளச்சை மிதித்து கியர் மாற்றும்போது இன்ஜின் அடங்கிவிட்டது. ஸ்டியரிங் இறுகியது. இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகியது. ஓட்டுநர் நானா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மண் திட்டுப் பக்கம் அணைத்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு பிள்ளைக்கும் காயமில்லை.

அன்று மாலையே வேன் கராஜுக்குப் போனது. பாஸ் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்றுக் கூட்டிவிட்டு, "இனிப் பிரச்சினை இல்லை நானா" என்றார். மூன்று மாதத்தில் அது மூன்றாவது தடவை.

இந்த அரைச் சுற்றைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நமதூரில் பிள்ளைகளை ஏற்றும் வேன்களில் அநேகமானவை 90களின் டொல்பின்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் திறந்தாலும் இன்றைய விலைக்கு வேன் மாற்றும் வசதி நமது ஓட்டுநர்களிடம் இல்லை. ஆகவே இந்தப் பழைய இன்ஜின்களோடுதான் இன்னும் பல வருடம் போகப் போகிறோம். பழையது என்பது குற்றமில்லை. வருத்தம் என்னவென்று பார்க்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தைத்தான் ஸ்லோ என்கிறோம். இந்த டீசல் இன்ஜின்களில் அது நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கி இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் நின்றுவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தருவது ஒல்டனேட்டருக்குப் பின்னால் இருக்கும் சிறிய பம்ப். இன்ஜின் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே காணும். "ஸ்லோ கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த வேனின் ஸ்லோ எப்போதும் குறைவதில்லை. திங்கள் குறையும், செவ்வாய் சரியாக ஓடும், புதன் மீண்டும் குறையும். ஸ்க்ரூ திங்கட்கிழமை தானாகக் கழன்று செவ்வாய்க்கிழமை தானாக இறுகுமா? இறுகாது. அப்படியானால் குறை ஸ்க்ரூவில் இல்லை. வேறெங்கோ வந்து போகும் ஒரு குறையை நாம் ஸ்க்ரூவால் மூடி மறைக்கிறோம்.

வகுப்பில் ஒரு பிள்ளை சில நாள் மட்டும் கணக்கில் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் எல்லாப் பரீட்சைக்கும் 10 புள்ளி கூட்டிப் போட்டு அறிக்கை கொடுத்தால் பெற்றோர் சும்மா விடுவீர்களா? எந்தெந்த நாள் தவறுகிறது, அன்று சாப்பிட்டு வந்ததா, தூங்கியதா என்று பார்ப்பதுதான் ஆசிரியர் வேலை. வேனுக்கும் அதே முறைதான்.

ஆசிரியர்களும் பெற்றோருமாகச் சிலர் சேர்ந்து நானாவிடம் ஒரு 80 பக்கக் கொப்பியைக் கொடுத்தோம். ஸ்லோ குறையும் ஒவ்வொரு தடவையும் நேரம், இன்ஜின் சூடா குளிரா, ஏசி போட்டிருந்ததா, டேங்கில் டீசல் எவ்வளவு, ஏற்றமா இறக்கமா என்று எழுதச் சொன்னோம். பத்து நாளில் விஷயம் வெளியே வந்தது. குறைந்ததெல்லாம் டேங்க் அரைவாசிக்குக் கீழே இருந்த நாட்களில். முன்பக்கம் மேட்டைப் பார்க்க இரவில் நிறுத்திய மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவும் சுணங்கியது.

இதன் பொருள் காற்று. டேங்கில் டீசல் இறங்க இறங்க பம்ப் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பிருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கீழே நனையவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. வேறொரு பாஸிடம் கொப்பியைக் காட்டினோம். பில்டருக்கும் டீசல் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸைப் போட்டு ஓடவிட்டார். குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. டேங்க் ஹோஸைக் கழற்றிவிட்டு ஒரு கானில் இருந்து டீசல் கொடுத்தார். குமிழ் நின்றது, ஸ்லோவும் நின்றது. பின்னால் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. ஒரு ஹோஸ், இரண்டு கிளிப். முன்பு "டீசல் பம்பையே கழற்ற வேண்டும்" என்றும் ஒருவர் சொல்லியிருந்தார்! கூட்டி வைத்த ஸ்க்ரூவைக் கடைசியில் குறைக்கவும் வேண்டியிருந்தது. காற்றுப் போனதும் இன்ஜின் இரைந்து ஓடியதே காரணம்.

எல்லா வேனிலும் ஹோஸ்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏசி வெட்டி வெட்டிப் போடும்போது மட்டும் குறைந்தால், ஸ்லோவைத் தூக்கிக் கொடுக்கும் வெற்றிடக் குழாயைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு குறைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போய்ச் சரியானால் மூடியின் துளை அடைபட்டிருக்கும். பில்டருக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். 2022 இல் கியூவில் நின்று கான்களிலும் பரல்களிலும் சேர்த்த டீசலை ஊற்றிய டேங்க்கள் நம்மிடம் குறைவா?

"சேருக்கு வேனைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். எங்களுக்கு வேன் தெரியாது. கேள்வி கேட்கவும், பதிலை எழுதி வைக்கவும் தெரியும்.

கராஜ்காரர்களை மட்டும் ஏசுவதற்கு இதை எழுதவில்லை. குற்றம் நம்மிடமும் இருக்கிறது. மாற்றிய பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் குனிந்து தேடிய பாஸுக்கு, "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்கிறோம். பிறகு அவர் எதற்குத் தேட வேண்டும்? ஸ்க்ரூவைத் திருகி அனுப்புவது அவருக்கும் லேசு. வேன் கூலியை இரண்டு மாதம் பிந்திக் கொடுக்கிறோம். ஒரு நாள் வேன் வராவிட்டால் வட்ஸ்அப் குரூப்பில் நானாவைக் கிழிக்கிறோம். காலை பாடசாலை, பின்னேரம் மத்ரஸா, இரவு டியூஷன் என்று ஓடும் மனிதர் எப்போது வேனைப் பார்ப்பார்?

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். ஒவ்வொரு வேனிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். காரணம் தெரியாமல் ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைக்க விடாதீர்கள், தேடுவதற்கும் கூலி கொடுங்கள். ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் ஒரு நாள் வேனை கராஜில் விட்டு ஹோஸ், பில்டர், பிரேக் எல்லாவற்றையும் பார்க்கட்டும். செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் டிபன் காசும் வராது.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அந்த இறக்கத்தில் அல்லாஹ் காப்பாற்றினான். அடுத்த தடவையும் அரைச் சுற்று ஸ்க்ரூவை நம்பி அவர்களை ஏற்றி அனுப்பப் போகிறோமா?

உங்கள் பிள்ளை போகும் வேன் ஓட்டுநரிடம் நாளைக் காலையே கேளுங்கள்: "நானா, ஸ்லோ எப்படி?"