தனிக்குரலும் கூட்டுக்குரலும்

அண்மையில் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நெஞ்சை விட்டு அகலாமல் இருக்கிறது. ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அதனை எழுதியிருக்கிறார். மெலோடிக் டப்ஸ்டெப் என்னும் மேனாட்டு இசையை அவர் பழைய மடிக்கணினி ஒன்றிலே ஆக்கப் பழகுகிறாராம்.

"நான் விரும்பிக் கேட்கும் பாட்டுக்களில் சிந்தசைசரின் ஒலி அருவி போலப் பொழிகிறது. நான் ஆக்குவதோ கொசுவின் ரீங்காரமாக இருக்கிறது. ஒரே ஒலியைப் பதினைந்து தடவை அடுக்கியும் பார்த்தேன். உரத்ததே தவிரத் தடிக்கவில்லை. விலையுயர்ந்த யந்திரம் வேண்டுமென்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொழுந்தெடுக்கும் அம்மா, காதுத் தோட்டை அடகு வைத்தாவது வாங்கித் தருவதாகக் கூறுகிறார். நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார்.

இவ்விசையை அறியாத பெரியோருக்கு ஒரு வார்த்தை. ஜமைக்கா தீவின் ஒலிப்பதிவாளர்கள், பாட்டிலிருந்து குரலை நீக்கி, அடிநாதத்தையும் எதிரொலியையும் மேலோங்க வைத்து ஆக்கிய இசைக்கு 'டப்' என்று பெயர். அதன் வழிவந்த டப்ஸ்டெப், 2000 ஆம் ஆண்டையொட்டித் தென் லண்டனிலே பிறந்தது. நிமிடத்துக்கு 140 அடி என்பது அதன் வழக்கமான காலப்பிரமாணம்; ஆயினும் முக்கியமான அடி அரைப்பங்கு வேகத்தில் விழுவதால், கேட்பவருக்கு 70 போலவே தோன்றும். அந்த விசாலமான இடைவெளியை உருக்கமான சுரக்கூட்டங்களால் நிரப்புவதே மெலோடிக் டப்ஸ்டெப். ஒலி மெலிந்தால் இவ்விசைக்கு உயிரில்லை. ஆகவே மாணவரின் கவலை நியாயமானதே.

தம்பி, மார்கழி மாதத்துப் பஜனையை நினைத்துப் பாரும். பனி விலகாத வைகறையிலே இருபது பேர் ஒரே நாமாவளியைப் பாடிக்கொண்டு லயன் வாசல் தோறும் செல்கிறார்கள். ஒருவருடைய சுருதி மயிரிழை ஏறியிருக்கும். இன்னொருவருடையது சற்று இறங்கியிருக்கும். ஒருவர் அரைக்கணம் முந்துவார், ஒருவர் பிந்துவார். தனித்தனியே கேட்டால் குறையெனத் தோன்றும் இவ்வேறுபாடுகள் ஒன்றுகூடும்போது நாதம் மலைச்சரிவெங்கும் நிறைகிறது. நல்ல பாடகர் ஒருவரே தொண்டை கிழியப் பாடினாலும் அந்நிறைவு வராது. உரப்பு வேறு, தடிப்பு வேறு.

இதன் காரணத்தைப் பௌதிகம் கூறும். விநாடிக்கு 440 தடவை அதிரும் சுரத்தோடு, 442 தடவை அதிரும் சுரமொன்றைச் சேர்த்தால், இரண்டும் ஒரு கணம் இணைந்து ஓங்கும். மறுகணம் ஒன்றையொன்று தணித்து மெலியும். இவ்வாறு விநாடிக்கு இரண்டு முறை ஒலி அசையும். வகுப்பிலே நீர் 'அடிப்பு' என்று கற்றது இதனைத்தான். குரல்கள் பலவாகும்போது பல வேகங்களில் இவ்வசைவு நிகழும். காது அவற்றைத் தனித்தனியே எண்ண மாட்டாமல், ஒரே பெருநாதமாகக் கொள்கிறது. நீர் அடுக்கிய பதினைந்தும் ஒரே அச்சில் வார்த்த பிரதிகள். வேறுபாடு இல்லாத இடத்தில் இவ்வசைவும் இல்லை.

இவ்வுண்மையை யந்திரத்தில் அமைத்துப் புகழ்பெற்றவர்கள் ஜப்பானிய நாட்டு ரோலண்ட் நிறுவனத்தார். 1996 இல் வெளிவந்த அவர்களது ஜேபி-8000 என்னும் சிந்தசைசரில் 'சூப்பர் சோ' என்றோர் ஒலி இருந்தது. மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போன்ற வடிவமுடைய அலைகள் ஏழினை அது ஒருங்கே எழுப்பும். நடுவில் ஒன்று சரியான சுருதியில் நிற்க, மூன்று சற்றே ஏறியும் மூன்று சற்றே இறங்கியும் ஒலிக்கும். இன்று நீர் கேட்டு வியக்கும் தடித்த ஒலிகளிற் பல இதன் வழிவந்தவையே.

அந்த ஒலியை யந்திரமின்றி மீண்டும் ஆக்க முயன்ற ஒருவரும் உம்மைப் போன்ற மாணவரே. ஸ்டொக்ஹோம் நகரத்து அரச தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அடம் சாபோ, 2010 ஆம் ஆண்டில் இதனையே தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டார். யந்திரத்தின் ஒலியைப் பதிந்து, பொறுமையுடன் அளந்தார். பக்கத்துக் குரல்கள் சம இடைவெளியில் நிற்கவில்லை என்றும், ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும் ஏழு அலைகளும் வெவ்வேறு நிலையிலிருந்து தொடங்குகின்றன என்றும், சுரத்துக்குக் கீழே சேரும் வேண்டாத இரைச்சலை ஒரு வடிகட்டி நீக்குகிறது என்றும் கண்டார். கேட்டலும் அளத்தலுமே அவருக்குக் கைகொடுத்தன.

இனி உமது வேலைக்கு வருவோம். 2020 இல் வெளிவந்த வைட்டல் என்னும் மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சர்ஜ் எக்ஸ்டி முற்றிலும் இலவசமானது. இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்து, வாட்பல் அலையைத் தெரிந்து, குரல்களை ஏழாக்கும். ரூபாவுக்கு நூறு சதம் இருப்பது போல, இசையிலே அரைச்சுரத்துக்கும் நூறு சதம் உண்டு. பத்துப் பதினைந்து சதம் பிசகவைத்துக் கேட்டுப் பாரும், மெல்லக் கூட்டும். பாட்டு அபசுருதியாகத் தோன்றும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தும். பின்பு குரல்களை இடமும் வலமுமாகப் பரப்பும்.

அடிநாதத்தை மாத்திரம் இவ்வாறு பெருக்க வேண்டாம். 440 அதிர்வுள்ள சுரத்திலே பத்துச் சத வேறுபாடு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை அடிப்பைத் தரும். அதே வேறுபாடு 55 அதிர்வுள்ள ஆழ்ந்த சுரத்திலே மூன்று விநாடிக்கு ஒரு முறைதான் அசையும். அதனால் அடிநாதம் இடையிடையே காணாமற் போகும். ஆகவே ஏழு குரல்களிலும் 100 அதிர்வுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கி, அவ்விடத்தில் தூய அலை ஒன்றை மாத்திரம் நடுவிலே நிறுத்தும். சுரக்கூட்டத்திலும் இவ்வாறே: கீழே ஷட்ஜமும் பஞ்சமமும் தள்ளி நிற்கட்டும், காந்தாரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கட்டும். கீழே நெருக்கினால் குழம்பும்.

அதன்பின், நீர் விரும்பும் பாட்டொன்றிலே பத்து விநாடியை மாத்திரம் எடுத்துக் காதொலிப்பானில் மீண்டும் மீண்டும் கேளும். அடியில் ஒலிப்பது எது, நடுவில் எத்தனை குரல், மேலே காற்றுப் போன்ற இரைச்சல் உண்டா என்று கொப்பியிலே எழுதும். எழுதியதைப் பார்த்து ஆக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும். ஒரு மாதம் இதனைச் செய்தால், எந்தக் கடையிலும் விற்காத ஒன்று உமக்குக் கிடைக்கும். அதுதான் பழகிய காது.

இறுதியாக ஒன்று. உமது தந்தையார் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர் என்றும், அதனை நண்பர்களிடம் சொல்ல நாணுவதாகவும் கடிதத்தின் அடியிலே எழுதியிருக்கிறீர். அந்த வரியே என்னை வருத்தியது. ஒரு காலத்தில் தோட்டத்து மக்களைப் பிரட்டுக்கு அழைத்த வாத்தியம் அது. மாசி மாதத்து இரவில் தப்புக்களை நெருப்பிலே காய்ச்சி, பலர் சேர்ந்து அடிக்கும்போது எழும் முழக்கத்தை நீர் குழந்தைப் பருவம் முதல் கேட்டிருக்கிறீர். ஒவ்வொரு தோலும் வேறு சுருதி. ஒவ்வொரு கையும் வேறு கணம். தடித்த நாதம் எவ்வாறு பிறக்கிறது என்பதை உமது தந்தையார் கையால் அறிந்தவர். அடுத்த முறை அவர் அருகே அமர்ந்து கேளும். அவருடைய இசைவோடு பதிவும் செய்யும். டப்ஸ்டெப்பின் அந்த விசாலமான இடைவெளியில் உமது தோட்டத்துத் தப்பும் ஒலித்தால், அது உம்முடைய பாட்டு என்று எவரும் அறிவர்.

அம்மாவின் தோடு அவர் காதிலேயே இருக்கட்டும். ஒரு மாதம் பழகிய பின் எனக்கு மறுபடியும் எழுதும், தம்பி.