விருந்தினரும் நாட்கணக்கும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் மொழி. விசா இன்றி வரும் விருந்தினர்க்கு நாடுகளும் இவ்வாறே நாள் வரையறுத்துள்ளன. அண்டை நாட்டிற்கு ஒரு நடை சென்று மீண்டால் கணக்குப் புதிதாகுமெனச் சிலர் கருதுவர். வாயிற்படி தாண்டி மீண்டவன் புது விருந்தினன் ஆவனோ? ஆகான். எனினும், அண்டை வீட்டில் உண்மையாகவே கழித்த நாட்களை எவர் கணக்கில் எழுதுவது? ஈண்டே நாடுகள் வேறுபடுகின்றன.

சிங்கப்பூர்க் குடியுரிமையுடைய தமிழர் ஒருவர், விசா விலக்குத் திட்டத்தின்கீழ் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 90 நாள் தங்கலாம். ஆங்கு 60 நாளும், பின் கனடாவில் 30 நாளும் கழித்துத் திரும்புவாராயின், பொதுவாக அவர்க்கு ஒரு நாளும் எஞ்சாது. கனடாவில் கழிந்த நாட்களும் அமெரிக்கக் கணக்கிலேயே ஏறும். ஷெங்கன் ஒப்பந்தத்திற்குட்பட்ட 29 ஐரோப்பிய நாடுகளிலோ, எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாளே எல்லை. பிரான்சில் 60 நாள் தங்கி, இங்கிலாந்தில் 30 நாள் கழித்து மீள்வோர்க்கு எஞ்சிய 30 நாள் அழிவதில்லை; முந்தைய 60 நாள் மறைவதுமில்லை.

தங்கிய நாளை மட்டும் எண்ணும் ஐரோப்பிய முறையே நேர்மையுடையதென யாம் துணிகிறோம். அது வஞ்சகனுக்கு இடந்தராது. மெய்யான பிரயாணியைத் தண்டிப்பதுமில்லை. ஷெங்கன் விசா பெற்றுக் குறுகிய காலம் செல்லும் நம்மவர்க்கும் இவ்வெல்லையே உரியது. வந்த நாளும் புறப்பட்ட நாளும் எண்ணப்படும். 2025 அக்டோபர் 12 முதல் அவ்வரசுகள் வருகையையும் செல்கையையும் மின்னணுப் பதிவேட்டில் பதியத் தொடங்கியுள்ளன. ஆதலின் கடல் கடக்கும் நம் மாணவர், பணத்தை எண்ணுவதுபோல் நாட்களையும் எண்ணிக்கொள்வாராக. வரவேற்ற வீட்டின் வரம்பறிந்து விடைபெறுதலும் கல்வியின் பயனன்றோ?