மாத்திரைகளுக்குத் தரவரிசை போடலாமா?

அமெரிக்காவில் 2010-இல் ஃபிங்கோலிமோட் என்ற வாய்வழி மருந்து அனுமதி பெறும்வரை, விட்டுவிட்டுத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் போக்கை மட்டுப்படுத்த ஊசி மருந்துகளையே நம்ப வேண்டியிருந்தது. பிறகு டெரிஃப்ளுனோமைட், டைமெத்தில் ஃபியூமரேட் என வாய்வழி மருந்துகள் பெருகின. இவற்றுள் எது சிறந்தது என்று ஒற்றைத் தரவரிசை தேடுவது நோயாளிக்கு நல்லதல்ல. போலி மருந்தோடு ஒப்பிட்ட தனித்தனி ஆய்வுகளில், தாக்குதல்களை ஃபிங்கோலிமோட் சுமார் 54 விழுக்காடும் டெரிஃப்ளுனோமைட் சுமார் 31 விழுக்காடும் குறைத்தன. ஆனால் அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் வேறு வேறு. எண்களை அருகருகே வைத்து வெற்றி தோல்வி அறிவிக்க முடியாது.

நேரடி ஒப்பீடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆப்டிமம் என்ற ஆய்வில் பொனெசிமோட் என்னும் மற்றொரு வாய்வழி மருந்து, டெரிஃப்ளுனோமைடைவிட ஆண்டுத் தாக்குதல் விகிதத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. ஆயினும் உடல் இயலாமை கூடுவதைத் தடுப்பதில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. மேலும், இந்நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது, அதுவும் பிள்ளைப்பேற்று வயதில். டெரிஃப்ளுனோமைட் கருவைப் பாதிக்கக்கூடும். மருந்தை வெளியேற்றும் சிகிச்சை தராவிட்டால் அது 2 ஆண்டுவரைகூட உடலில் தங்கலாம். ஃபிங்கோலிமோட் முதல் வேளையில் இதயத் துடிப்பைக் குறைப்பதால் 6 மணி நேரக் கண்காணிப்பு தேவை. நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம். ஆகவே பலனோடு இந்த அபாயங்களையும் நோயாளியின் வாழ்க்கைத் திட்டத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதை விளக்க மருத்துவர் நேரம் ஒதுக்குவதும் சிகிச்சையின் பகுதியே.